எழுதுகிறோம், படம் பிடிக்கிறோம் — எதற்காக?

(திருச்சியில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாங்கள் ஊர் ஊராகப் போகும்போது கையிலே ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. பையிலே ஒரு செல்போன் இருக்கிறது. பார்த்ததை எழுதுகிறோம். படம் பிடிக்கிறோம். எழுதியதை நாலு பேருக்குப் படித்துக் காட்டுகிறோம். படத்தை நாற்பது பேருக்கு அனுப்புகிறோம். இதைப் பார்த்துவிட்டுப் பலர் எங்களைக் கேட்டிருக்கிறார்கள்: "இதற்குக் கூலி உண்டா?" கிடையாது. "பெயராவது வருமா?" பெரும்பாலும் வராது. "பிறகு எதற்கையா இந்த வேலை?"

நியாயமான கேள்வி. எட்டு மணி நேரம் இயந்திரத்தின் முன் நின்றவனும், பொழுதெல்லாம் குனிந்து நாற்று நட்டவளும் கூலியில்லாத வேலையைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். அதில் தப்பில்லை. பிறர் உழைப்பை இனாமாக வாங்கிப் பழகியவர்கள் இந்த நாட்டிலே ஏராளம். ஆகவே இன்றைக்கு இந்தக் கேள்விக்கே பதில் சொல்வது என்று வந்திருக்கிறோம். பெரிய தத்துவம் எதுவும் பேசப் போவதில்லை. எங்கள் சொந்தக் காரணங்களைத்தான் சொல்லப் போகிறோம். கேட்டுவிட்டு, உங்களுக்கும் அப்படிப்பட்ட காரணங்கள் உண்டா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஒரே ஒரு பிரதி

கூலியில்லாமல் எழுதிப் பிறருக்குக் கொடுப்பது எங்கள் புதுமையல்ல. காவிரிக்கு அக்கரையில் இருக்கும் ஸ்ரீரங்கத்திலேயே அது நடந்திருக்கிறது.

அங்கே ரங்கராஜன் என்று ஒரு வாலிபர் இருந்தார். 1931இல் பிறந்தவர். அவரும் சிநேகிதர்களும் சேர்ந்து 'நேதாஜி' என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகையை ஆரம்பித்தார்கள். அதிலே கூடச் சேர்ந்து உழைத்த பையன்களில் இன்னொருவருக்கும் பெயர் ரங்கராஜன்தான். அவர் 1935இல் பிறந்தவர். முன்னவர் பிற்காலத்தில் சினிமாப் பாட்டெழுதிய வாலி. பின்னவர் கதைகள் எழுதிய சுஜாதா. அந்தப் பத்திரிகையின் முதல் பிரதியை, திருச்சிக்கு வந்திருந்த எழுத்தாளர் கல்கி வெளியிட்டார். அன்று கல்கியைக் காண வந்த வானொலி அதிகாரி ஒருவர் மூலமாக, திருச்சி வானொலி நிலையத்துக்கு எழுதும் வாய்ப்பு வாலிக்குக் கிடைத்தது. 1939 மே மாதத்தில் துவங்கிய நிலையம் அது.

இளைஞர்களில் பலர் கையெழுத்துப் பத்திரிகை என்பதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அச்சு யந்திரம் கிடையாது. காகிதம் வாங்க ஆளுக்குச் சில்லறை போடுவார்கள். கையெழுத்து நன்றாக உள்ளவர் எழுதுவார். வரையத் தெரிந்தவர் அட்டைப்படம் போடுவார். ஒரு பிரதி, மிஞ்சினால் இரண்டு பிரதி. அது வீடு வீடாகப் போகும். ஒருவர் படித்து முடித்தால்தான் அடுத்தவருக்குக் கிடைக்கும். கடைசியிலே சில வெள்ளைப் பக்கங்களை விட்டுவைப்பார்கள். படித்தவர் தம் அபிப்பிராயத்தை அங்கே எழுத வேண்டும். சிலர் பாராட்டி எழுதுவார்கள். சிலர் சண்டை போடுவார்கள். நூறு கை பட்டு, ஓரம் கிழிந்து, எண்ணெய்க் கறையோடு அது திரும்பி வரும். அந்தக் கறைதான் எழுதியவர்களுக்குச் சம்பளம்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? எழுதுகிறவனுக்குக் கூலி பிற்பாடு வரலாம், வராமலும் போகலாம். தான் கண்டதை அடுத்தவனுக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை அதற்கு முன்பே வந்துவிடுகிறது. அந்த ஆசை படித்தவர் தெருவிலே மட்டும் பிறப்பதல்ல. பஞ்சாலையிலும் உண்டு, களத்துமேட்டிலும் உண்டு.

சுஜாதா பிற்காலத்திலே தாம் வளர்ந்த ஸ்ரீரங்கத்தைக் கதை கதையாக எழுதினார். தெருவில் கிரிக்கெட் ஆடிய பையன்களும், திண்ணையில் உட்கார்ந்த பெரியவர்களும் அதனால் இன்றும் நிற்கிறார்கள். அவர் பார்த்த தெருவை அவர் எழுதினார்; எழுத வேண்டிய முறையும் அதுதான். அதே தீவிலே வாழைத்தார் சுமந்தவர்கள் இருந்தார்கள். படித்துறையில் துணி வெளுத்தவர்கள் இருந்தார்கள். விடியுமுன் வீதி கூட்டியவர்கள் இருந்தார்கள். அவர்களின் ஸ்ரீரங்கத்தை யார் எழுதுவது? அந்த வேலைகளைச் செய்தவர்கள்தான் எழுத வேண்டும். வேறொருவர் வந்து எழுதித் தருவார் என்று காத்திருந்தால் காலம் ஓடிவிடும்.

நின்ற கல்லும் நடந்த மனிதனும்

எங்கள் முதல் காரணம் மறதி. மறதிக்கு எதிராகத்தான் எழுதுகிறோம்.

1858ஆம் வருஷத்தில் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவக் கேப்டனின் திருச்சிப் படங்களும் ஸ்ரீரங்கப் படங்களும் தொகுப்புகளாக வெளிவந்தன. சென்னை ராஜதானி சர்க்கார் அவரைப் போட்டோக்காரராக நியமித்திருந்தது. மலைக்கோட்டையையும் ஸ்ரீரங்கம் கோயிலையும் அவர் எடுத்த படங்கள் இன்றும் பாதுகாப்பாக இருக்கின்றன. அருமையான படங்கள். தூணின் ஒவ்வொரு செதுக்கும் தெரிகிறது. ஆனால் ஆள் நடமாட்டத்தைத் தேடினால் வெறிச்சென்று இருக்கும்.

அதற்கு ஒரு தொழில் காரணம் உண்டு. அந்நாளில் மருந்து தடவிய காகிதத்தில் படம் விழ வேண்டும். அதற்குக் காமிராவின் கண்ணை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும். அந்த நேரமெல்லாம் அசையாமல் நின்றது நன்றாகப் பதிந்தது. அசைந்தது புகையாகிப் போயிற்று. கல் நின்றது, பதிந்தது. சுமை தூக்கிக்கொண்டு நடந்தவன் பதியவில்லை.

சரித்திரமும் பெரும்பாலும் அப்படித்தானே எழுதப்பட்டிருக்கிறது? ஸ்ரீரங்கம் கோயில் சுவர்களிலே 600க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. எந்த அரசன் எந்த ஆண்டில் எவ்வளவு நிலம் கொடுத்தான், எத்தனை விளக்குக்குப் பொன் கொடுத்தான் என்றெல்லாம் அவை சொல்லுகின்றன. அருமையான ஆதாரங்கள், வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கொடுத்தவன் பெயர் அங்கே இருக்கிறது. அந்த நிலத்தில் சேற்றை மிதித்தவனைத் தேடினால் அலைய வேண்டியிருக்கிறது.

டிரைப் படம் பிடித்தபோது ஸ்ரீரங்கத்தின் பெரிய கோபுரம் கட்டி முடியாத மொட்டைக் கோபுரமாக நின்றது. 13 நிலைகளோடு, 236 அடி உயரத்துக்கு அது எழுந்து முடிந்தது 1987இல்தான். சாரம் கட்டியவர்கள், செங்கல் சுமந்தவர்கள், சுதை பூசியவர்கள் இன்றைக்கும் நம் ஊர்களிலே இருப்பார்கள். "தாத்தா, நீ வேலை செய்த கோபுரம் இது" என்று பேரப்பிள்ளைக்குக் காட்டும்படி ஒரு படம் அவர்களில் எத்தனை பேரிடம் இருக்கும்?

இன்னும் கிட்டத்தில் வாருங்கள். எங்கள் தாய்மார், உங்கள் தாய்மார் — அவர்களுடைய வாலிப வயதுப் படம் எத்தனை வீட்டில் இருக்கிறது? கலியாணப் படம் எடுக்கப் பணம் இல்லை. பிறகு எடுக்க நேரம் இல்லை. கடைசியில் அவர்கள் முகம் பதிந்தது ரேஷன் கார்டிலும் வாக்காளர் அட்டையிலும்தான். சாவு விழுந்த வீட்டிலே பிள்ளைகள் அந்தச் சின்னப் படத்தை எடுத்துக்கொண்டு பிளெக்ஸ் கடைக்கு ஓடுகிறார்கள். கட்டைவிரல் நகமளவு முகத்தைக் கதவளவு பெரிதாக்குகிறார்கள். கண்ணும் மூக்கும் கலைந்துபோய், யாரோ ஒருவர் முகம் கண்ணீர் அஞ்சலித் தட்டியில் நிற்கிறது. அறுபது வருஷம் உழைத்தவளுக்கு மிஞ்சிய ஒரே படம் சர்க்கார் தன் கணக்குக்காக எடுத்த படம்! இதைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. ஆகவேதான் கிழவிகளைப் படம் பிடிக்கிறோம். அதுவும் அவர்கள் சிரிக்கும்போது, வேலை செய்யும்போது, கம்பீரமாக நிற்கும்போது பிடிக்கிறோம். ஒரு பிரதியை அவர்கள் கையிலேயே கொடுக்கிறோம்.

டிரைப் காலத்துத் தடை இன்றைக்கு இல்லை. ஓடுகிற தறியையும் வீசுகிற அரிவாளையும் கண்ணிமைக்கும் நேரத்தில் செல்போன் பிடித்துவிடுகிறது. நடக்கிற மனிதனும் இனிப் பதிவான். யாராவது பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

சாட்சி சொல்வது யார்?

இரண்டாவது காரணம் சாட்சி.

இந்தத் திருச்சியிலேயே பொன்மலை இருக்கிறது. 1946 செப்டம்பர் 5ஆம் தேதி, தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது, அங்கே போலீஸ் சுட்டது. ஐந்து தொழிலாளர் உயிரிழந்தார்கள். அந்தத் தேதியை இன்றைக்கும் எப்படித் தெரிந்து வைத்திருக்கிறோம்? அன்று திடலிலே இருந்தவர்கள் வீட்டில் சொன்னார்கள், சங்கத்தில் சொன்னார்கள், எழுதினார்கள், துண்டுப் பிரசுரமாகக் கொடுத்தார்கள். வருஷந்தோறும் அதே தேதியில் சங்கத் திடலில் கூடிப் பேசுகிறார்கள். பார்த்தவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த ஐவரும் ஒரு காவல் நிலையக் குறிப்பிலே ஒரு வரியாகப் போயிருப்பார்கள்.

விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கு நாங்கள் வெண்மணியை நினைவூட்ட வேண்டியதில்லை. 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு, கூலி உயர்வு கேட்ட சேரியிலே ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், பிள்ளைகள், முதியவர்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. 1973இல் மிராசுதார்கள் விடுதலை செய்யப்பட்டார்கள். இத்தனை நிலமும் காரும் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்ற பொருள்படத் தீர்ப்பிலே எழுதினார்கள். சேரியிலே பிழைத்தவர்கள் கண்ணாலே கண்டதைச் சொன்னார்கள். கார் வைத்திருந்தவர்களின் கௌரவம் அந்தச் சாட்சியை விடக் கனமாக இருந்தது.

அதோடு முடிந்துவிட்டதா? முடியவில்லை. பிழைத்தவர்கள் சொல்வதை நிறுத்தவில்லை. 2005இல் பாரதி கிருஷ்ணகுமார் 'ராமையாவின் குடிசை' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். 37 வருஷத்துக்குப் பிறகு அந்த மனிதர்கள் காமிராவின் முன்னால் உட்கார்ந்து, தங்கள் வாயாலேயே சொன்னார்கள். நீதிமன்றம் நம்பாததை ஜனங்கள் கேட்டார்கள். தீர்ப்பு மாறவில்லைதான். ஆனால் அந்தத் தீர்ப்பே கடைசி வார்த்தையாக நிற்கவில்லை.

வெளிநாட்டிலும் இந்தக் கதை உண்டு. அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் என்ற பள்ளி ஆசிரியர், 1908 முதல் குழந்தைத் தொழிலாளர்களைப் படம் பிடித்துக்கொண்டு ஆலை ஆலையாகச் சுற்றினார். பைபிள் விற்பவன் என்றும் இன்சூரன்ஸ்காரன் என்றும் சொல்லி உள்ளே நுழைவார். பையனின் உயரத்தைத் தன் கோட்டுப் பொத்தான்களை வைத்து அளப்பார். சட்டைப் பைக்குள் கைவிட்டு, மேஸ்திரி பார்க்காமல் வயதைக் குறித்துக்கொள்வார். நூற்பு இயந்திரத்தின் முன்னால் அந்த இயந்திரத்தைவிடக் குட்டையாக நிற்கும் சிறுமியைக் கண்டு நாடே வெட்கப்பட்டது. 1938இல் அங்கே குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தும் தேசியச் சட்டம் வந்தது. அதற்குப் பல போராட்டங்கள் காரணம். அந்தப் படங்களும் ஒரு காரணம்.

ஜெர்மனியிலே 1926இல் ஒரு தொழிலாளர் படப் பத்திரிகை தன் வாசகர்களிடம், "உங்கள் வாழ்க்கையை நீங்களே படம் பிடித்து அனுப்புங்கள்" என்று கேட்டது. ஆலைத் தொழிலாளிகள் பழைய காமிராக்களைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். தொழிலாளர் புகைப்படச் சங்கங்களே உருவாயின. நம் நாட்டில் 1943 வங்கப் பஞ்சத்தின்போது சுனில் ஜானா காமிராவோடு கிராமங்களுக்குள் போனார். சித்தபிரசாத் பார்த்ததை வரைந்தார். சித்தபிரசாத்தின் நூலை வெள்ளைக்கார சர்க்கார் பறித்துக் கொளுத்தியது. ஒரு கோட்டுச் சித்திரத்துக்கு ஏகாதிபத்தியம் பயந்திருக்கிறது!

நம் காலத்திலும் பாருங்கள். மதுரையில் மீன் விற்கும் தாயின் மகனான பழனிகுமார், மலக்குழியில் இறக்கப்படும் துப்புரவுத் தொழிலாளர்களையும், அவர்களைப் பறிகொடுத்த குடும்பங்களையும் வருஷக்கணக்காகப் படம் பிடித்து வருகிறார். 2022இல் அவருக்கு விருது கிடைத்தது. காமிரா பணக்காரன் வீட்டுப் பொருள் என்ற எண்ணத்தை அவர் உடைத்திருக்கிறார்.

கடைசி வெள்ளைப் பக்கம்

மூன்றாவது காரணம் சற்று விசித்திரமானது. எழுதிக் கொடுத்தால் திரும்பி வருவது, கொடுத்ததைவிட அதிகமாக இருக்கிறது.

2018 ஆகஸ்டில் வந்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஸ்ரீரங்கத்துக்கும் நெம்பர் ஒன் டோல்கேட்டுக்கும் நடுவே, கொள்ளிடத்தின் மேல் 1928இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. அதே மாதம் 22ஆம் தேதி முக்கொம்பில், 1836இல் கட்டிய மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஊரே புதுப்பாலத்தில் நின்று படம் பிடித்தது. நாங்களும் பிடித்தோம். இரண்டு பக்கம் எழுதி, படத்தோடு ஒரு டீக்கடைச் சுவரிலே ஒட்டினோம்.

ஒரு முதியவர் வந்தார். எழுதியதைப் பையன் ஒருவன் படித்துக் காட்டக் கேட்டார். பிறகு சொன்னார்: "தம்பி, இந்தப் படம் தண்ணி வந்த நாளைக் காட்டுது. தண்ணி வராத நாளுல மணல் எந்த மட்டத்துல இருந்துச்சுன்னு தூணைப் பார்த்தாலே தெரியும். நான் வாலிபமா இருந்தப்ப எங்க வரைக்கும் மணல் இருந்துச்சுன்னு நான் சொல்றேன், அதையும் சேர்த்து எழுது." நடவுக்குப் போகும் ஒரு அம்மாள் சொன்னார்: "கோடையில மணலில நடந்துதான் அக்கரை வாழைத்தோட்டத்துக்குப் போவோம். கால் சுடும். இப்ப அந்த இடத்துல ஆள் முழுகுற பள்ளம்." பாலம் கட்டிய எஞ்சினியரின் கணக்கிலே இந்த இரண்டும் இருக்காது. நாங்கள் கொடுத்தது ஒரு நாளின் படம். அவர்கள் திருப்பித் தந்தது அறுபது வருஷத்து ஆற்றின் கதை.

கையெழுத்துப் பத்திரிகையிலே கடைசிப் பக்கங்களை ஏன் வெறுமையாக விட்டார்கள் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு நன்றாக விளங்கிற்று. எழுதுகிறவன் பாதியை எழுதுகிறான். மீதியை வாசிக்கிறவன் எழுதுகிறான். பெட்டிக்குள் பூட்டி வைத்த எழுத்துக்கு அந்த மீதி கிடைப்பதில்லை.

இராச் சிப்டுக்குப் பிறகு

நாலாவது காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டும். எழுதினால் மனசு லேசாகிறது.

இராச் சிப்டு முடிந்து, தலைமயிரிலே பஞ்சோடு, விடிகாலையில் வெளியே வரும் தொழிலாளிக்கு ஊர் விழிக்கும்போது தூங்க வேண்டிய வாழ்க்கை. பேசுவதற்கு ஆள் கிடையாது. வீட்டில் மனைவி வேலைக்குக் கிளம்பியிருப்பாள். பிள்ளை பள்ளிக்குப் போயிருக்கும். காதிலே இயந்திரத்தின் இரைச்சல் மட்டும் நின்றுகொண்டிருக்கும். முழுநேர ஊழியர்களாகிய எங்கள் கதையும் அதிலிருந்து ரொம்ப தூரமில்லை. கூட்டம் முடிந்து கடைசி பஸ்ஸில் திரும்புகிறோம். நடந்த கால்களுக்கு இரவிலே ஓய்வு கிடைக்கிறது. கண்ட காட்சிகளுக்கு ஓய்வு கிடைப்பதில்லை. விபத்தில் விரலை இழந்தவன் மறு கையால் டீக் குடித்த காட்சி, அறுப்புக் கூலியை எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசாமல் முடிந்துகொண்ட ஒரு தாயின் முகம் — இவை தூங்க விடுவதில்லை. எழுதி வைத்தால் தூக்கம் வருகிறது. மறுநாள் இன்னொருவருக்குப் படித்துக் காட்டும்போது அவர், "எனக்கும் இப்படித்தான் தோழர்" என்கிறார். அந்த ஒரு சொல்லிலே எங்கள் பாரம் பாதியாகிறது. அவர் பாரமும் பாதியாகிறது.

சந்தோஷமும் அப்படியே. கஷ்டத்தை மட்டும் எழுதுவது என்று நாங்கள் சபதம் எடுக்கவில்லை. ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்தில் கூடும் கூட்டத்தையும், மலைக்கோட்டை உச்சியிலிருந்து பார்த்தால் காவிரி இரண்டாகப் பிரிந்து தீவை அணைத்துப் போகும் அழகையும் நாங்கள் பிடிக்கிறோம். உறையூர் நெசவாளி வீட்டுக் குழந்தை தறிக்குழிக்குள் இறங்கி விளையாடுவதையும் பிடிக்கிறோம். தொழிலாளிக்கு அழகு பார்க்கும் கண் கிடையாது என்று சிலர் நினைக்கிறார்கள். நாள் முழுதும் நூலின் நிறத்தைப் பிரித்துப் பார்ப்பவன் கண்ணைவிடக் கூர்மையான கண் எது?

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் வயல் வேலை செய்தவர். பிழைப்புக்காக இன்னும் பல தொழில் பார்த்தவர். 1959இல் 29 வயதிலே மறைந்துவிட்டார். அந்தக் குறுகிய ஆயுளில் அவர் எழுதியதை ஏற்றக்காரனும் வண்டிக்காரனும் பாடிக்கொண்டு போனார்கள். வயலிலிருந்து வந்தவனுக்கு மொழி வராது என்று யாரும் உங்களிடம் சொன்னால், அந்தப் பெயர் ஒன்றே போதும்.

நாலு கட்டுப்பாடுகள்

தோழர்களே, ஆசை மட்டும் இருந்தால் போதாது, ஒழுங்கும் வேண்டும். நாங்கள் எங்களுக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடுகளைச் சொல்கிறோம்.

ஒன்று: தேதி, ஊர், பெயர். இந்த மூன்றும் இல்லாத படம் பத்து வருஷத்தில் அநாதையாகிவிடும். "இது யார்?" என்று கேட்டால் வீட்டிலேயே பதில் இருக்காது. ஆகவே படத்தின் பின்புறம் எழுதி வையுங்கள். செல்போன் உடைந்தால் படமும் போயிற்று. முக்கியமானதைக் காகிதத்தில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

இரண்டு: சம்மதம். கேட்காமல் ஒருவர் முகத்தைப் பிடிக்காதீர்கள். படித்துறையில் குளிப்பவர்களையும், அடிபட்டுக் கிடப்பவர்களையும் பிடித்துப் பரப்புவது அயோக்கியத்தனம். ஆலைக்குள்ளே காப்புத் தகடு இல்லாத பெல்ட்டைப் படம் பிடித்தால், பெல்ட்டை மட்டும் பிடியுங்கள். பக்கத்தில் நிற்கும் தோழரின் முகம் தெரிந்தால் அவர் வேலைக்கு ஆபத்து. அவருக்கு வரும் கஷ்டத்தை நாம் சுமக்க முடியாது.

மூன்று: உண்மை. தாம் காணாததைக் கண்டதாக எழுதக் கூடாது. எவனோ அனுப்பியதை ஆராயாமல் அடுத்தவனுக்குத் தள்ளக் கூடாது. எங்கோ நடந்த சண்டையின் பழைய படத்தை நம் ஊர்க் கலவரம் என்று சொல்லிச் சாதியும் மதமும் மூட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பொய் பிடிபட்டால், நாம் சொல்லிய நூறு உண்மைக்கும் மதிப்புப் போய்விடும். வெண்மணித் தாய்மார் சொன்ன உண்மையையே நம்பாத உலகம் இது. நம் பொய்யையா மன்னிக்கும்?

நாலு: யாருக்காகப் படம் என்று கேளுங்கள். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல், வேலை செய்பவர்களைத் தினம் இருமுறை படம் எடுத்து ஏற்றுவது கட்டாயமாக்கப்பட்டது. சிக்னல் கிடைக்காமல் படம் ஏறாததால் அன்றைய வருகையே பதிவாகவில்லை என்று பல மாநிலங்களில் தொழிலாளர்கள் முறையிட்டார்கள். வெயிலில் மண் வெட்டியது உண்மை. படம் ஏறவில்லை என்பதால் கூலிக்கு ஆபத்து. அதுவும் படம்தான், நாங்கள் எடுப்பதும் படம்தான். முன்னது உழைப்பவனைச் சந்தேகித்து எடுத்தது. பின்னது அவனைத் தெரிந்துகொள்ள எடுப்பது. ஒரே கருவி, பிடிக்கிற கையைப் பொறுத்துக் காவல்காரனாகவும் ஆகும், சிநேகிதனாகவும் ஆகும்.

நீங்கள் செய்ய வேண்டியது

எங்கள் காரணங்களைச் சொல்லிவிட்டோம். மறக்காமல் இருக்க எழுதுகிறோம். சாட்சி சொல்ல எழுதுகிறோம். பிறர் அறிந்ததைப் பெற எழுதுகிறோம். தனிமை தீர எழுதுகிறோம். இவற்றிலே உங்களுக்கு இல்லாத காரணம் எது?

"எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும்" என்பவர்கள் சொல்லுங்கள், பிள்ளைகள் எழுதட்டும். "என்ன எழுதுவது?" என்பவர்கள் இந்த நாலு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். நீங்கள் முதன்முதலாக வேலைக்குப் போன நாள் எது? அன்றைக்குக் கூலி என்ன? உங்களுக்கு அந்த வேலையைக் கற்றுக் கொடுத்தவர் யார்? அவர் இப்போது எங்கே இருக்கிறார்? இரண்டு பக்கம் தானாக நிறையும்.

ஒவ்வொரு சங்கத்திலும், ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எழுதுகிறவர் எழுதட்டும், படம் உள்ளவர் ஒட்டட்டும். அது வீடு வீடாகப் போகட்டும். கடைசியில் பத்துப் பக்கத்தை வெறுமையாக விட மறந்துவிடாதீர்கள். யார் வேண்டுமானாலும் அதிலே தம் மனசில் பட்டதை எழுதட்டும். சண்டை போட்டாலும் போடட்டும்.

முதல் நோட்டில் முதல் பக்கத்தை உங்கள் வீட்டு மூத்தவருக்குக் கொடுங்கள். அவர் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். ஒரு நல்ல படம் எடுத்து, பக்கத்திலே அவர் பெயரையும் ஊரையும் தேதியையும் எழுதுங்கள். அந்த நோட்டு எங்கள் கைக்கு வரும் நாளை எதிர்பார்த்திருக்கிறோம்.